பேரிகை சாலையில் கல்லாய்ப் போன பிரேக்

தை மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து மத்தூருக்குப் போனோம். அங்கே என் மாமனார் வீடு. நெடுஞ்சாலையைப் பிடித்தால் கிருஷ்ணகிரி வழியாக 75 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்தில் போய்க் காபி குடித்துவிடலாம். நாங்கள் பாகலூர், பேரிகை, சூளகிரி என்று சுற்றிக்கொண்டு 95 கிலோமீட்டர் போனோம். ஆன நேரம் ஏழே கால் மணி. அதில் நான்கு மணி நேரம் ஓர் ஒர்க்‌ஷாப் வாசலில் கழிந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் இப்போது நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும். பிரேக் இறுகுகிறது என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பயன்படும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரசர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். எந்தெந்த மெஷினுக்கு அழுத்தக் காற்று வேண்டுமோ அங்கெல்லாம் குழாய் போடுவது, கசிந்தால் அடைப்பது, இதுதான் என் பிழைப்பு. காற்றுக் குழாய் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்கிற நினைப்பும் அன்று காலை வரை இருந்தது. கார் பதினொரு வருடப் பழைய பெட்ரோல் கார். வீட்டிலிருந்து கம்பெனிக்கு நான்கு கிலோமீட்டர், அதற்குத்தான் பெரும்பாலும் ஓடும்.

சுற்று வழியில் போனதற்குக் காரணம் என் மனைவி மஞ்சுளா. அவள் மத்தூர்க்காரி, தாவரவியல் படித்தவள். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் சேர்ந்த பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று வேலை தேடினாள். பேரிகையைத் தாண்டி ஒரு ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் பகுதிக்குச் சூப்பர்வைசராகக் கூப்பிட்டார்கள். பிப்ரவரியில் வெளிநாட்டுக்கு ரோஜா போகும் சமயம் என்பதால் பண்ணைகளில் அப்போது ஆள் தேவை அதிகம். சம்பளமும் மோசமில்லை. ஆனால் காலை ஆறரைக்கு உள்ளே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குத் தோதான பஸ் கிடையாது, பண்ணை வேன் ஓசூர் வரை வராது. காரை அவளே ஓட்டிக்கொண்டு போனால்தான் வேலை. எனக்குக் கம்பெனி பஸ் இருக்கிறது, கார் இல்லாமல் நான் ஒன்றும் தவித்துவிட மாட்டேன்.

லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடமாகியும் அதுவரை அவள் தெருவைத் தாண்டி ஓட்டியதில்லை. மார்கழியில் தினமும் என் ஷிப்டு முடிந்ததும் பாகலூர் வரை ஓட்டிப் பழகினாள். நான்கைந்து நாளிலேயே பிரேக் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் கீழே பார்க்கிங்கில் போய் உட்கார்ந்து ஒரு மிதி மிதித்துப் பார்த்தேன். வெண்ணெய் போல இறங்கியது. வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, நீ நுனிக்காலால் மிதிக்கிறாய், உன் காலில் பலம் போதவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு ஒரு நாள் பாகலூர்க் கடைவீதியில் முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவின் பின்பக்கத்தில் வண்டியை மெல்ல முட்டிவிட்டாள். யாருக்கும் அடியில்லை, பம்பரில் ஒரு கீறல், அவ்வளவுதான். மிதித்தேன், நிற்கவில்லை என்றாள். நான் மறுபடியும் காலைத்தான் சொன்னேன். அன்றோடு சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியவள் அதன் பிறகு தொடவில்லை. பண்ணைக்கு நேரில் போய் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே மத்தூருக்குப் போகலாம் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைத் திட்டம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள்.

காலை 6.50க்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். தை மாத ஓசூர்க் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தோம். பாகலூர் வரை கம்பெனிகளும் கட்டி முடிக்காத அடுக்குமாடிகளும்தான். அதைத் தாண்டியதும் சாலை குறுகி, இரண்டு பக்கமும் முட்டைக்கோஸ், கொத்தமல்லி, தக்காளி, நடுநடுவே வெள்ளைப் பாலித்தீன் கூரை போட்ட ரோஜாக் கூடாரங்கள். பனி விலகும் நேரத்தில் அந்தக் கூரைகளின் மேல் வெயில் விழுவதைப் பார்ப்பதற்காகவே இந்த வழியில் ஒரு தடவை போகலாம். கர்நாடக எல்லை ஒட்டியே வருவதால் கடைப் பலகைகளில் தமிழும் கன்னடமும் மாறி மாறி வரும். பேரிகைக்கு எங்கள் மீட்டரில் 27 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். வழியில் இரண்டு வேகத்தடைகளில் பெடல் சற்று இறுகியதுபோலப் பட்டது. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பண்ணை வாசலில் காவலாளி தெலுங்கில் பேசினார். மஞ்சுளாவுக்குத் தெலுங்கு வரும், எனக்கு இத்தனை வருடத்தில் பாதிதான் வரும். மேனேஜர் ஞாயிறு வரமாட்டார், எதுவாக இருந்தாலும் நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அவள் கேட் வழியாக உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வாளி வாளியாக ரோஜாவைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போனார்கள். பிறகு வந்து காரில் உட்கார்ந்தாள். பேரிகையில் டீ பதினைந்து ரூபாய், நல்ல திடமான டீ, கூடவே சூடாகப் போண்டா. 8.25க்குச் சூளகிரிப் பாதையில் வண்டியைத் திருப்பினேன்.

பேரிகையிலிருந்து சூளகிரி 18 கிலோமீட்டர். ஏற்ற இறக்கமும் வளைவும் உள்ள பாதை. ஒவ்வொரு ஊர் தொடக்கத்திலும் அடுத்தடுத்து மூன்று வேகத்தடை போட்டிருப்பார்கள். 8.40 இருக்கும். ஓர் இறக்கத்தின் அடியில் ஊர் வந்தது. முதல் தடைக்கு மிதித்தேன், வண்டி அடங்கியது. இரண்டாவதுக்கு மிதித்தபோது பெடல் பாதிதான் இறங்கியது. மூன்றாவதுக்கு முன்னால் தக்காளிக் கிரேட் ஏற்றிய சின்ன டெம்போ ஒன்று நின்றுகொண்டிருந்தது. மிதித்தேன். கருங்கல்லை மிதித்ததுபோல இருந்தது. பெடல் அசையவே இல்லை. இரண்டு காலையும் தூக்கி அதன் மேல் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து அமுக்கினேன். கை தானாக ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. டெம்போவின் கடைசிக் கிரேட்டுக்கும் எங்கள் பானட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் வைத்து வண்டி நின்றது.

டெம்போக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிப் போய்விட்டார். மஞ்சுளா டேஷ்போர்டில் ஊன்றியிருந்த கையை எடுத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இப்ப யாரு காலுல பலமில்ல?"

அவள் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் சுருக்கென்றது. அவள் பாகலூரில் மிதித்தபோதும் இப்படித்தான் இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அவளுக்குப் பாதத்தை எப்படி வைப்பது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேல் இரண்டாவது கியரைத் தாண்டாமல், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டே மெல்ல நகர்ந்தோம். சூளகிரிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் சாலையோரம் தகரக் கூரை போட்ட ஓர் ஒர்க்‌ஷாப் இருந்தது. மெக்கானிக் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பதாகப் பக்கத்துப் பஞ்சர் கடையில் சொல்லிப் போன் போட்டார்கள். வந்து சேர 9.40 ஆனது. சீனப்பா என்று பெயர், நாற்பது வயதுக்குள் இருப்பார். டிராக்டர், பிக்கப், கார் எல்லாம் பார்ப்பவர். போனில் கன்னடம், வண்டியைத் திட்டத் தெலுங்கு, எங்களிடம் தமிழ்.

நான் எனக்குத் தெரிந்த தொழில் வார்த்தைகளையெல்லாம் போட்டு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முதலில் பெடலுக்கு அடியில் இருந்த கால்மிதி மேட்டை இழுத்துப் போட்டார். சில வண்டிகளில் மேட்டே பெடலுக்கு அடியில் சுருண்டு தடுக்குமாம். அது இல்லை. பிரேக் ஆயில் சரியான அளவில் இருந்தது. சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார், எதுவும் பிடித்துக்கொண்டு சூடாகவில்லை. பிறகு பூஸ்டரைச் சோதித்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெடலுக்கு நேர் எதிரே பானட்டுக்குள் வட்டமான ஒரு பெரிய டப்பா இருக்கும், அதுதான் பூஸ்டர். என்ஜின் ஓடும்போது ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக அந்த டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலின் பலம்தான் நம் காலோடு சேர்ந்து பிரேக்கை அமுக்குகிறது. அது இல்லாமல் போனால் பிரேக் போய்விடாது, ஆனால் முழுக் கனத்தையும் நம் கால் தனியாகத் தாங்க வேண்டும்.

சோதனை எளிது. என்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு தடவை மிதித்தால் பெடல் இறுகிவிடும். அப்படியே காலை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால், பூஸ்டர் நன்றாக இருந்தால் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். சீனப்பா செய்து பார்த்தார். அழகாக இறங்கியது. இன்னொரு தடவை செய்தார், அப்போதும் இறங்கியது. பூஸ்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பிரேக் பேட் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழத்திருக்கும், சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார். நானும் தலையாட்டினேன். பேட் என்றால் என் தலை தப்பியது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்போதுதான் மஞ்சுளா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள்.

"வண்டி ஆறிப்போச்சுங்க, அதான் எறங்குது. சூடு ஏறுனாத்தான் இது கல்லாவும். வீட்டுலருந்து கெளம்புனா பத்து நிமிசத்துக்கு ஒண்ணும் இருக்காது. பாகலூரு கிட்ட வந்தப்பறம்தான் ஆரம்பிக்கும். அதுலயும் மொத மிதி நல்லா எறங்கும். ரெண்டாவது, மூணாவதுலதான் மாட்டிக்கும்."

சீனப்பா கையில் எடுத்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அதன் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, எல்லாக் கேள்வியும் அவளிடம்தான். எத்தனை நாளாக, எவ்வளவு தூரம் ஓடினால், நிறுத்தி வைத்தால் சரியாகிறதா, மிதிக்கும்போது சத்தம் வருமா. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கிளம்பினால் கொஞ்ச தூரத்துக்குச் சரியாக இருக்கும் என்பதுவரை கவனித்து வைத்திருந்தாள். ஒரு மாதமாக என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவள். இதில் ஒரு கேள்வியையாவது நான் கேட்டிருக்கலாம். நான் போவதோ நான்கு கிலோமீட்டர். என்ஜின் சூடேறுவதற்குள் கம்பெனி வந்துவிடும், எனக்கு எங்கே தெரியப் போகிறது.

ஏசியைப் போட்டு, பானட்டை மூடி, வண்டியை நின்ற இடத்திலேயே இருபத்தைந்து நிமிடம் ஓடவிட்டோம். 10.30க்குச் சீனப்பா மஞ்சுளாவையே உட்காரச் சொன்னார். அவள் மிதித்தாள், முதல் மிதி இறங்கியது. இரண்டாவது பாதி. மூன்றாவது நகரவில்லை. சீனப்பா பானட்டைத் திறந்து டார்ச் அடித்துக் குனிந்தார். பிறகு கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், என்ஜினை ஒட்டி வளையும் இடத்தில், மிதித்துத் தட்டையாக்கின மாதிரி ஒட்டிக்கிடந்தது. என்ஜினை அணைக்கச் சொன்னார். புஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஹோஸ் மெல்ல உப்பிப் பழையபடி உருண்டையாகிவிட்டது. ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. வண்டியை அணைத்துவிட்டுப் பானட்டைத் திறப்பவன் எத்தனை வருடம் பார்த்தாலும் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது.

"யாரு சார் இந்தப் பைப்பப் போட்டது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். நீல நிறத்தில், மேலே இருபது பார் என்று காற்றழுத்த அளவை வெள்ளை எழுத்தில் அச்சடித்த ஹோஸ் அது. கம்ப்ரசருக்குப் போடுகிற அழுத்தக் காற்று ஹோஸ். ஐப்பசி மழையில் எலி ஒன்று பானட்டுக்குள் குடியேறிப் பழைய ஹோஸைக் கடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓசூர் ஹார்டுவேர் கடையில் இதை இரண்டடி வாங்கிவந்து நானே போட்டேன். இருபது பார் அழுத்தம் தாங்குகிற ஹோஸுக்கு, ஒரு பார்கூட வராத கார் உறிஞ்சல் எம்மாத்திரம் என்று கணக்குப் போட்டேன். கம்ப்ரசரிலேயே காலம் தள்ளுகிறவனுக்கு வருகிற கணக்கு இது. வேறு யாராக இருந்தாலும் பேசாமல் சரியான ஹோஸை வாங்கியிருப்பார்கள். உள்ளிருந்து வெளியே தள்ளும் காற்றைத் தாங்குவது வேறு, வெளியிலிருந்து உள்ளே இழுக்கும்போது நசுங்காமல் நிற்பது வேறு. சூட்டில் இளகிய பிறகு அது தாங்குமா என்பதை நான் யோசிக்கவே இல்லை.

இவ்வளவும் தெரிந்தும் வாயில் வந்தது இதுதான்: "ஓசூர்ல ஒரு ஆளு போட்டாருங்க."

சீனப்பா அந்த ஓசூர் ஆளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். ஊதுகிற வேலைக்குரிய பைப்பை உறிஞ்சுகிற வேலைக்குப் போட்டவன் எவ்வளவு பெரிய புத்திசாலியாக இருப்பான் என்று வியந்தார். நடுவில் தெலுங்கில் சொன்னது எனக்குப் புரியவில்லை, மஞ்சுளாவுக்குப் புரிந்தது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஹோஸை நான் மாட்டிய சாயங்காலம் எனக்கு டார்ச் பிடித்தவளே அவள்தான். நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் என் மானத்தைக் கப்பலேற்றியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

பிரேக் பேட்டைக் கழற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புதுப் பேட் போட்டு, ஆறின வண்டியில் ஒரு மிதி மிதித்துப் பார்த்து, சரியாகிவிட்டது என்று கிளம்பியிருப்போம். சூளகிரிக்கு அப்புறம் மேலுமலை இறக்கம் இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக இறங்கும் இடம். பெடல் மூன்றாவது மிதியில் கல்லாவது அங்கேதான் நடந்திருக்கும்.

சரியான ஹோஸ் சூளகிரியில் கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும் என்று சீனப்பா போன் போட்டார். இந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று இங்கே நன்றாக உதவியது. கடைக்காரர் சாமானை ஒரு பையில் கட்டி, மேலே பெயரும் நம்பரும் எழுதி, ஓசூர் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். பஸ் நம்பரை நமக்கு அனுப்பிவிடுவார். நாம் ஸ்டாப்பில் நின்று கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ் 11.10க்குக் கிருஷ்ணகிரியில் புறப்பட்டது. சீனப்பாவின் மொபெட்டில் நான் சூளகிரி மேம்பாலத்துக்கு அடியில் போய் நின்றேன். 11.45க்கு வந்த பஸ் முழுதாக நிற்கக்கூட இல்லை, படியில் நின்ற கண்டக்டர் பையை என் கையில் திணித்துவிட்டு முப்பது ரூபாயை வாங்கிக்கொண்டார்.

புது ஹோஸ் கறுப்பு, தடித்தது, உள்ளே நூல் பின்னல் வைத்தது. விரலால் எவ்வளவு அமுக்கியும் நசுங்கவில்லை. விலை 380 ரூபாய். பூஸ்டர் பக்கம் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும். முதல் மிதி மட்டும் நன்றாக இறங்கியதற்குக் காரணம் அதுதான். டப்பாவுக்குள் மிச்சமிருந்த உறிஞ்சலை அது பிடித்து வைத்திருந்தது. அதையும் வாயால் ஊதிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று திரும்ப மாட்டினார். இரண்டு பக்கமும் கிளிப், மொத்தம் இருபது நிமிட வேலை. கூலி 300 கேட்டார். என் நீல ஹோஸை எனக்கே திருப்பிக் கொடுத்து, அந்த ஆள் முகத்தில் விட்டெறியச் சொன்னார்.

மறுபடி இருபது நிமிடம் சூடேற்றினோம். இந்தத் தடவையும் அவர் மஞ்சுளாவைத்தான் கூப்பிட்டார். அவள் மிதித்தாள். விட்டாள். மிதித்தாள். பத்துத் தடவைக்கு மேல் மிதித்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் பெடல் மெத்தென்று இறங்கியது. பிறகு அவளும் சீனப்பாவும் மட்டும் பேரிகைப் பக்கம் நான்கு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். வண்டி வந்து என் முன்னால், வெள்ளைக் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. ஒரு மாதமாக நான் பார்க்காத முகத்தோடு அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

"அந்த ஆளு கையில இனிமே வண்டிய விடாதீங்க மேடம்" என்றார் சீனப்பா.

"விடமாட்டேங்க. இனி வண்டி என்கிட்டதான் இருக்கும்" என்றாள்.

நான் போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன்.

12.50க்குக் கிளம்பினோம். மேலுமலை இறக்கத்தை அவள் மூன்றாவது கியரில், லாரிகளுக்கு இடம் விட்டு, அவசரப்படாமல் இறக்கினாள். என் கால் மட்டும் அவ்வப்போது தானாகத் தரையை மிதித்தது. குருபரப்பள்ளி, சுங்கச்சாவடி, 1.25க்குக் கிருஷ்ணகிரி. அங்கிருந்து மத்தூர் 24 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, தையில் பூ எடுத்து நிற்கும், கண்ணாடியை இறக்கினால் வாசனை வரும். 2.05க்கு மாமனார் வீட்டு வாசலில் வண்டியை அவளே ரிவர்ஸில் ஏற்றி நிறுத்தினாள்.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பேரிகை சூளகிரிப் பாதையைக் காலை எட்டு மணிக்குள் பிடியுங்கள், அதற்கு மேல் காய்கறி டெம்போக்கள் வரிசை கட்டும். பெட்ரோல் போட வேண்டுமென்றால் பாகலூரிலேயே போட்டுவிடுங்கள். இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டோ நியூட்ரலில் போட்டோ போகாதீர்கள். நியூட்ரலில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவாது; என்ஜினை அணைத்தாலோ பூஸ்டருக்கு உறிஞ்சல் இல்லை, இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். பிரேக் இறுகினால் பதறாமல் கியரைக் குறைத்து, முழுக் கனத்தோடு மிதியுங்கள், நிற்கும். மெக்கானிக்கிடம் காட்டும்போது சூட்டில் வருகிறதா, ஆறினால் வருகிறதா, எத்தனையாவது மிதியில் வருகிறது என்று சொல்லுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். என்ஜின் ஓடும்போதும் அந்த ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸை மட்டும் அதற்கென்று விற்பதையே வாங்குங்கள். என் போன்ற காற்றுக் குழாய் நிபுணர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை காலை மஞ்சுளா பண்ணைக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். இப்போது கார் ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறது. நான் கம்பெனி பஸ்ஸில் போகிறேன், ஜன்னலோர சீட் கிடைத்தால் தூங்கிக்கொண்டே போகலாம். இவ்வளவோடு பதிவை முடித்திருக்கலாம். ஆனால் அன்று மத்தூரில் நடந்ததை எழுதாவிட்டால் இது பாதி உண்மைதான்.

சாயங்காலம் மாமனார் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பேச்சுக்குக் கேட்டேன், இத்தனை நாள் ஏன் என்னோடு சண்டை போடாமல் இருந்தாய், வண்டிதான் கோளாறு என்று அடித்துச் சொல்லியிருக்கலாமே என்று. மடித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"நீங்க சொன்னத நான் நம்பிட்டேங்க. காலுக்குப் பலம் வரட்டும்னு ஒரு மாசமா தெனமும் நீங்க வேலைக்குப் போனதும் மாடிப்படிய அம்பது தரம் ஏறி எறங்குனேன்."

நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. ஒரு தரம் ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், சீனப்பாவிடம் சொன்ன பொய்க்கும் சேர்த்து. அவள் சிரித்துவிட்டு, துணிகளில் பாதியை என் கையில் கொடுத்துக் கீழே இறங்கிப் போனாள். அவளுக்குக் காலில் பலமில்லை என்று நான் யாரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேனோ அவர்களில் பலர் இதைப் படிக்கிறீர்கள். அவள் காலில் ஒரு குறையும் இல்லை. வண்டியில் இருந்த குறையைப் போட்டவன் நான்.